உருளி வாங்கப் போகுமுன்: குமரி மாவட்டத்தில் பழைய பாத்திரம் தேடுவதற்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊரில் குளிர்காலம் வந்துவிட்டதைத் தேங்காய் எண்ணெய்தான் சொல்லும். மார்கழி விடியலில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் போதும், வெள்ளையாக உறைந்து கிடக்கும். நாகர்கோவில்காரர்களுக்கு அதற்கு மேல் குளிர் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் எண்ணெய் உறையும் அந்த நாலைந்து வாரம்தான் பழைய அடுக்களைச் சாமான் தேடுவதற்குத் தோதான காலம். பதினைந்து வருடமாக இதைச் செய்துவருகிறேன், ஏமாந்தும் இருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் உருளியை, அதாவது அந்த அகன்ற வாய் வார்ப்புப் பாத்திரத்தை, தட்டிப் பார்த்து "எங்க வாங்கினீங்க, எப்படிப் பாத்து வாங்கினீங்க" என்று கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஏன் மார்கழி?

முதல் காரணம் மழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பழைய சாமானை எடைக்கு எடுக்கும் ஆக்கர் கடை முற்றத்தில் கால் வைக்க முடியாது. சாமான்கள் தார்ப்பாய்க்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். மழை ஓய்ந்தால்தான் வெளியே எடுத்துப் பரப்புவார்கள்.

இரண்டாவது காரணம் கல்யாணம். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் பாத்திரக்கடையில் கூட்டம் குறைவு. உள்ளே அழைத்துப்போய்ப் பழைய சாமான் கிடக்கும் மூலையைக் காட்டக் கடைக்காரருக்கு நேரம் இருக்கும். தைக் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய குட்டுவம், சருவம், செம்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிப்போவதும் இந்தச் சமயத்தில்தான். கிறிஸ்மஸுக்கும் பொங்கலுக்கும் வெள்ளையடிக்கிற வீடுகளில் மச்சில் கிடப்பதெல்லாம் கீழே இறங்கும்.

கடைக்கு வரும் பழைய பித்தளை அங்கேயே கிடக்காது என்பதை மறக்க வேண்டாம். மூட்டை சேர்ந்ததும் உருக்கப் போய்விடும். ஒரு நல்ல உருளி மச்சில் இருந்து இறங்குவதற்கும் உலைக்குப் போவதற்கும் நடுவில் கிடைப்பது சில நாட்கள்தான். டிசம்பர் பாதியில் ஒருமுறை, பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒருமுறை என்று இரண்டு நடை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொந்தரவும் உண்டு. இது ஐயப்ப சீசன். கன்னியாகுமரியிலும் சுசீந்திரத்திலும் வெளியூர்க் கூட்டம் அலைமோதும். சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருவில் 'ஆன்டிக்' என்று வைத்திருப்பதை வேடிக்கை பாருங்கள், வாங்காதீர்கள்.

வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்

அடுப்பில் ஏற்றவா, அலமாரியில் வைக்கவா? இதை முடிவு செய்யாமல் போனால் கடையில் கண்ணுக்குப் பட்டதெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். அடுப்பில் ஏறுகிற பாத்திரத்துக்கு ஓட்டை, விரிசல், ஒட்டு எதுவும் ஆகாது. அலங்காரத்துக்கு என்றால் அதெல்லாம் பிரச்சினை இல்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பெயர்களையும் தெரிந்துகொண்டு போங்கள். உருளி, நிலவாய், குட்டுவம், சருவம், கிண்டி (மூக்கு வைத்த செம்பு), போணி, புட்டுக்குழல், சேவை நாழி, சீனச்சட்டி, உப்பு மரவை (மரத்தில் கடைந்தது), பரணி (ஊறுகாய் ஜாடி) என்று பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் உங்களை வேறு மாதிரி நடத்துவார். பெயர் தெரியாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. சென்னையில் இருந்து வந்த ஒரு சொந்தக்காரர் அகன்ற விளிம்பு வைத்த அழகான பித்தளைப் பாத்திரம் ஒன்றை வாங்கி, மேசை நடுவில் பழம் அடுக்கி வைத்திருந்தார். அது கோளாம்பி. வெற்றிலை போட்டுத் துப்புகிற பாத்திரம். இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கண் பழக வேண்டுமானால் ஒரு நாள் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வாருங்கள். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை. அங்குள்ள ஊட்டுப்புரையில் மாடிக்கு ஆயிரம் பேராக இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். அத்தனை பேருக்குச் சமைக்க எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டியிருக்கும் என்று யோசித்தபடி அங்குள்ள பரணிகளின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கைபட்டுத் தேய்ந்த பழைய பொருள் எப்படி இருக்கும் என்பது அதற்கப்புறம் கண்ணுக்குப் புரியும்.

எங்கே தேடுவது

காரைக்குடி மாதிரி வரிசையாகப் பழம்பொருள் கடை வைத்த தெரு இங்கே கிடையாது. தேடித்தான் எடுக்க வேண்டும். நான் போவது மூன்று வகை இடங்களுக்கு.

ஒன்று, பழசை மாற்றிக்கொடுக்கும் பாத்திரக்கடைகள். நாகர்கோவிலில் கோட்டாறு, வடசேரிப் பக்கம் பாருங்கள். தக்கலை, மார்த்தாண்டம், திங்கள்சந்தையிலும் கேட்கலாம். முன்னால் அடுக்கியிருப்பது புதியது. "பழசு ஏதாவது வந்திருக்கா அண்ணாச்சி" என்று கேட்டால்தான் பின்பக்கம் திறக்கும்.

இரண்டு, ஆக்கர் கடைகள். இரும்புச் சாமானுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. சீனச்சட்டி, அப்பச்சட்டி, தோசைக்கல், தேங்காய்த் துருவலக்குத்தியின் நாக்கு எல்லாம் கிடைக்கும். காலில் நல்ல செருப்பு வேண்டும்.

மூன்றாவது இடம் பலருக்குத் தெரியாது. கல்குளம், விளவங்கோடு பக்கம் பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது கதவு, தூண், நெல் போட்டு வைக்கும் பத்தாயம் எல்லாவற்றையும் மொத்தமாக எடுக்கும் பழைய மரச்சாமான் கடைக்காரர்கள் உண்டு. அந்த வீட்டு அடுக்களையும் பெரும்பாலும் அவர்களிடம்தான் போய்ச் சேரும். அவர்கள் கண் தேக்கிலும் ஈட்டி மரத்திலும் இருக்கும். வெண்கலம் ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். என்னுடைய நல்ல கிண்டி ஒரு பத்தாயத்துக்குள் இருந்துதான் வந்தது.

திருவிழாக் கடைகளைப் பற்றியும் கேட்பார்கள். டிசம்பர் 3 அன்று முடிகிற கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும், மார்கழியில் பத்து நாள் நடக்கும் சுசீந்திரம் திருவிழாவுக்கும் பாத்திரக்கடை வரும். எல்லாம் புதுச் சாமான். மண்சட்டியும் சிரட்டை அகப்பையும் வாங்கிக்கொண்டு வாருங்கள், அதற்கு நல்ல இடம்.

பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

சின்னக் காந்தம் ஒன்று, டார்ச் (போனில் உள்ளது போதும்), ஒரு பாட்டில் தண்ணீர், பாதி எலுமிச்சம்பழம், வெள்ளைத்தாள், தொங்கவிட்டு எடைபோடும் கைத்தராசு, ஒரு பழைய துணி. போவது காலையில் இருக்கட்டும். குழல்விளக்கு வெளிச்சத்தில் பித்தளையும் வெண்கலமும் ஒன்றுபோலத் தெரியும்.

உலோகத்தை இனம் காணுதல்

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

முதலில் காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஒட்டாததால் மட்டும் பித்தளை என்று ஆகிவிடாது. அலுமினியத்திலும் சில எவர்சில்வரிலும்கூட ஒட்டாது.

அடுத்து எலுமிச்சை. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, அடிப்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்குத் தேய்த்துத் துடையுங்கள். பளிச்சென்ற மஞ்சள் தெரிந்தால் பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. சிவந்தால் செம்பு. மங்கலான, கொஞ்சம் வெளுத்த பொன்னிறம் என்றால் வெண்கலம், அதாவது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. மேற்கே ஓடு என்று சொல்வது இதைத்தான். நல்ல உருளிகள் இதில்தான் வார்க்கப்பட்டிருக்கும். ஆலப்புழைப் பக்கத்து மான்னார் இந்த வேலைக்குப் பேர்போன ஊர்.

நிறத்தில் சந்தேகம் இருந்தால் காயத்தைப் பாருங்கள். பித்தளை அடிபட்டால் நெளியும், வெண்கலம் உடையும். விளிம்பு சொட்டையாகி இருந்தால் பித்தளை, துண்டு தெறித்திருந்தால் வெண்கலம். வெண்கலத்தில் வெள்ளீயம் அதிகம் என்பதால் அது கடினம், ஆனால் வளைந்து கொடுக்காது. அதனால்தான் வெண்கலப்பானையைக் கீழே போட்டால் வீட்டில் அப்படித் திட்டு விழுந்தது.

இனி சத்தம். பாத்திரத்தை ஐந்து விரல் நுனியில் ஏந்தி, இன்னொரு கையின் முட்டியால் விளிம்பில் ஒரு தட்டு. நல்ல வெண்கலம் கோவில் மணி மாதிரி இழுத்துக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் "டொக்" என்று நின்றுவிடும். பித்தளை அவ்வளவு நேரம் பாடாது. விளிம்பின் நாலு பக்கமும் தட்டுங்கள்.

இதைச் செய்யாமல் நான் ஒருமுறை வாங்கினேன். மாவட்டத்தின் மேற்கு மூலையில் ஒரு கடை. நாலு கிலோவுக்கு மேல் எடை, உட்புறம் வழவழவென்று இருந்தது. "இது ஓட்டுருளியாக்கும் மக்களே, இப்ப இத மாதிரி யாரு வாக்கியா?" என்றார் கடைக்காரர். அந்தப் பாசமான 'மக்களே'யில் விழுந்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இது பேச மாட்டேங்குதே" என்றாள். நான் கேட்கவில்லை. பொங்கலன்று அடைப்பிரதமன் வைத்தோம். தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதி வந்தபோது அடுப்பில் "ஸ்ஸ்" என்று சத்தம். தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. ஏதோ பசையை வைத்து அடைத்து, மேலே கரி பூசியிருக்கிறார்கள். சூட்டில் பசை உருகிப் பாயசத்தில் கலந்துவிட்டது. பாயசம் தென்னை மரத்தடிக்குப் போனது. உருளி இப்போது முற்றத்தில் செம்பருத்திப் பூ மிதக்கவிட்டு இருக்கிறது, அதுவும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தோடு.

அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றாமல் எதையும் வாங்குவதில்லை. நிரப்பி, ஒரு வெள்ளைத்தாளின்மேல் பத்து நிமிடம் வையுங்கள். அந்த நேரத்தில் மற்ற சாமானைப் பார்க்கலாம். தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே டார்ச் அடித்து, வெளியே நிழலில் பிடித்துப் பார்த்தால் ஊசி ஓட்டைகூடத் தெரிந்துவிடும். காதும் கைப்பிடியும் ஒட்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஒன்று தெரிந்தால் அது உலோகத்தை உருக்கி ஒட்டிப் பற்றுவைத்த இடம். பழைய பற்றில் காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம். சமையலுக்கு வேண்டாம்.

காரீயமும் வெள்ளீயமும்

ரசம் வைக்கிற ஈயச்செம்பு தேடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்கிறோம். ரசத்துக்கானது வெள்ளீயம். காரீயம் விஷம், புளியில் கரைந்து உள்ளே போகும். ஒரே அளவு செம்பில் காரீயம் கலந்திருந்தால் கை உடனே இறங்கும். வெள்ளீயத்தை விட அது ஒன்றரை மடங்கு கனம். விளிம்பை வெள்ளைத்தாளில் இழுத்தால் பென்சில் மாதிரி அழுத்தமான சாம்பல் கோடு விழும். சுத்தமான வெள்ளீயத்தின் மெல்லிய தகட்டை வளைத்தால் உள்ளே நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும். கடையில் செம்பை வளைத்துப் பார்க்க விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம். என் கருத்து: பழைய ஈயச்செம்பைச் சமையலுக்கு வாங்க வேண்டாம். கலப்பு இல்லை என்று வீட்டுச் சோதனையில் உறுதியாகச் சொல்ல முடியாது. நம்பகமான இடத்தில் புதிது வாங்குங்கள்.

பரணியிலும் எனாமல் தட்டிலும் இதே கதைதான். பழைய மெருகிலும் வண்ணத்திலும் காரீயம் இருந்திருக்கலாம். மெருகு வெடித்த பரணியில் கடுமாங்காய் ஊறுகாய் போட்டு வருடம் முழுக்க வைக்காதீர்கள். உப்புப் போட்டு வைக்கவும் வேண்டாம். குடையோ சிரட்டை அகப்பையோ செருகி வைக்கலாம்.

இரும்பும் மரமும் கல்லும்

இரும்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். மேலோட்டமான துரு தேய்த்தால் போய்விடும். அரித்துக் குழி விழுந்ததையும், வார்ப்பிரும்பில் மயிர்க்கோடு விழுந்ததையும் மட்டும் விடுங்கள். தோசைக்கல்லை ஒரு சமமான தரையில் வைத்து அமுக்கினால் ஆடக் கூடாது.

கல்சட்டி என்றால் தட்டிப் பார்த்து, விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். புழங்கியது கறுத்து, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். மரவையில் செல்லரித்த பொடி உதிர்கிறதா என்று கவிழ்த்துத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

பழசா, பழசாக்கியதா?

புதிதாக வார்த்து, மண்ணில் புதைத்தோ ஏதாவது தடவியோ கிழடாக்குவதும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே கறுப்பு, ஒரே பச்சை என்றால் சந்தேகப்படுங்கள். உண்மையான தேய்மானத்துக்குக் காரணம் இருக்கும். உருளியில் கரண்டி கிண்டிய இடம், கிண்டியில் பெருவிரல் பிடித்த இடம், அடியில் அடுப்புக்கல் உரசிய மூன்று இடம். கைப்பிடி புத்தம் புதிதாக இருந்து வயிறு மட்டும் தேய்ந்திருந்தால் கணக்கு இடிக்கிறது.

பெயர் வெட்டியிருந்தால் அதிர்ஷ்டம். புள்ளி புள்ளியாக வீட்டுப்பெயர், சில சமயம் மலையாள எழுத்தில், கூடவே ஒரு ஆண்டு. 1105 என்று பார்த்துவிட்டுத் தொள்ளாயிரம் வருடப் பாத்திரம் என்று துள்ள வேண்டாம். 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர், புழங்கியது கொல்லம் ஆண்டு. ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். 1105 என்றால் 1929-30. மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ கொடுத்தனுப்பிய சீராக இருக்கும்.

கோவில் பெயரோ தேவாலயப் பெயரோ வெட்டியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். அது எப்படி வெளியே வந்தது என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்று, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கைவினைப் பொருள் தொல்பொருளாகிவிடும். தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. வளைகுடாவில் இருக்கும் மகளுக்குப் பெட்டியில் வைத்து அனுப்பும் யோசனை இருந்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விலை பேசுவது

வயதுக்குக் காசு கொடுக்காதீர்கள், எடைக்கும் நிலைமைக்கும் கொடுங்கள் என்பதுதான் நான் கடைப்பிடிக்கும் ஒரே விதி. கடைக்குள் நுழைந்ததும் இரண்டு விலையை விசாரியுங்கள்: பழைய பித்தளையைக் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறீர்கள், புதிய பாத்திரம் கிலோ என்ன விலை? கணக்குக்காக 500, 1000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோ உருளிக்கு 1500 என்பது உருக்கப்போகும் பழசின் விலை, 3000 என்பது புதிதின் விலை. உங்கள் பேச்சு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். வேலைப்பாடு அபூர்வமாக இருந்தால், அல்லது இப்போது யாரும் வார்க்காத கனம் என்றால், மேலே கொஞ்சம் போகலாம். வெண்கலத்துக்குத் தனி விலை, அதைத் தனியாகக் கேளுங்கள். எடையை உங்கள் தராசிலும் ஒருமுறை பாருங்கள். உள்ளே ஒட்டிய கரியும் அடைசலும் எடையில் சேரும்.

'பாட்டி வீட்டில் இதே மாதிரி இருந்தது' என்று கடைக்காரர் காதுபட மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஐந்நூறு ரூபாய்.

வீட்டுக்கு வந்தபின்

பஸ்ஸில் கொண்டுவருவதானால் வெண்கலத்தைச் சாக்கில் சுற்றி மடியில் வையுங்கள். காலடியில் வைத்தால் ஒரு பிரேக்கில் விளிம்பு போய்விடும்.

பித்தளையோ வெண்கலமோ, ஒரு நாள் முழுக்கப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, புளியும் உப்பும் சேர்த்துத் தேங்காய்ச் சவுரி நாரால் தேயுங்கள். ஆசிட் வேண்டாம், கம்பி நாரும் வேண்டாம். துடைத்து வெயிலில் காயவிடுங்கள். மார்கழி வெயில் இதற்கு நன்றாக இருக்கும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றில் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறும். புழங்காத நாளில் உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள்.

பித்தளையிலும் செம்பிலும் ஈயம் பூசாமல் சமைக்கக் கூடாது, புளி சேர்ந்தது எதுவும் கூடவே கூடாது. பழைய பித்தளைக் காபி பில்டருக்கும் உள்ளே பூச்சு போயிருந்தால் இதே விதி. ஈயம் பூசுகிறவர்கள் இப்போது குறைவு. பாத்திரக்கடையில் கேட்டால் எந்த நாளில் வருவார் என்று சொல்வார்கள். நீங்கள் கூடவே நின்று பாருங்கள்: பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்ததும் உள்ளே வெள்ளி மாதிரி ஏறும். காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று முன்னாலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது, முதலில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றிவிட்டுத்தான் தீ.

வெண்கல உருளிக்குப் பூச்சு தேவைப்படாது. ஆனாலும் புளி, தக்காளி சேர்ந்ததை அதில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். சமைத்ததும் மாற்றிவிட வேண்டும். சூடான உருளியில் பச்சைத்தண்ணீர் ஊற்றினாலும் விரிசல் விடும்.

இரும்புச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவிப் புகைய விடுங்கள். ஐந்தாறு தடவை இப்படிச் செய்தால் தோசை எழும்ப ஆரம்பிக்கும்.

உருளியில் முதல் சமையலாகக் கஞ்சி வையுங்கள். அரிசி நிறையப் போட்டு நன்றாகக் குழைய விட்டு, அந்தக் கஞ்சியைக் கொட்டிவிடுங்கள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கஞ்சியில் நிறமோ வாடையோ இல்லையென்றால் அதில் பால் காய்ச்சலாம்.